பில்ட்ரூட்டில் புதிய போர்டைச் சேர்த்தபோது: என் அனுபவம்

ஆல்வின்னர் எச்3 சிப் கொண்ட போர்டு ஒன்றுக்கு, சிறு கணினிப் போர்டுகளுக்கான லினக்ஸ் அமைப்பை உருவாக்கும் கருவியான பில்ட்ரூட்டில் ஏற்கெனவே உள்ள ஆரஞ்சு பை ஒன் போர்டின் அமைப்புக் கோப்பை நகலெடுத்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை 6.1-இலிருந்து 6.6-க்கு உயர்த்தினேன். முதல் பில்ட், நிரல்களைத் தொகுக்கத் தேவையான கெர்னல் தலைப்புக் கோப்புகளின் (headers) பதிப்பு கெர்னலோடு பொருந்தவில்லை என்று நின்றது; அந்தத் தேர்வையும் 6.6 ஆக்கியதும் அது தீர்ந்தது.

அடுத்த பிழைதான் ஒரு மாலைப்பொழுதை விழுங்கியது. போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பை உருவாக்க விதியே இல்லை என்று, பில்டை இயக்கும் மேக் (make) கருவி சொன்னது. பெயரில் எழுத்துப் பிழை இருக்கும் என்றெண்ணி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெயர் சரியாகவே இருந்தது, இடம்தான் மாறியிருந்தது. 2023-இல் வந்த 6.5 கெர்னலிலிருந்து, 32-பிட் ஆர்ம் டிவைஸ் ட்ரீ கோப்புகள் அனைத்தும் தயாரிப்பாளர் வாரியான துணை அடைவுகளுக்கு நகர்த்தப்பட்டுள்ளதால், கோப்பின் பெயருக்கு முன் ஆல்வின்னர் அடைவின் பெயரையும் சாய்கோட்டையும் சேர்க்க வேண்டியிருந்தது. அடைவுப் பெயரைத் தக்கவைக்கும் பில்ட்ரூட் தேர்வை நான் இயக்கவில்லை. ஆகவே, இமேஜ் அடைவில் கோப்பு பழைய பெயரிலேயே வந்து விழுந்தது, எஸ்டி கார்டு இமேஜில் எந்தெந்தக் கோப்புகள் சேர வேண்டும் என்று சொல்லும் ஜென்இமேஜ் கோப்பைத் தொடவே தேவைப்படவில்லை.

போர்டைக் கணினியோடு கம்பியால் இணைத்துப் பார்க்கும் சீரியல் கன்சோலில், நொடிக்கு 115200 பிட் வேகத்தில் லாகின் வரி தெரிந்த பிறகே, சேவ்டெஃப்கான்ஃபிக் (savedefconfig) கட்டளையால் அமைப்பைச் சேமித்தேன்.