பழைய பீட்டிலில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில், எண்ணெய் அழுத்தம் குறைந்ததை எச்சரிக்கும் ஆயில் விளக்கு எரிந்தால், அதை அணைப்பதற்காகவே அதை இயக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்சை மாற்றுகிறவர்கள் உண்டு. பேரிங் போய்விட்டதென்று எஞ்சினையே இறக்குகிறவர்களும் உண்டு. இரு தரப்பினரும் செய்யத் தவறுவது ஒன்றுதான்: அழுத்தத்தை அளந்து பார்ப்பதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே, எஞ்சினின் வெளிக்கூடான கிரேங்க் கேஸில் திருகப்பட்டிருக்கும் அந்த ஸ்விட்சுக்குள் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் 0.15 முதல் 0.45 பாருக்குள் எட்டியதும் அது தொடுமுனையை விலக்க, விளக்கு அணைகிறது. ஓடும் எஞ்சினுக்குத் தேவையான அழுத்தம் இதைப் போலப் பல மடங்கு என்பதால், விளக்கு அணைந்திருப்பதை எஞ்சின் நலமாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதைவிடப் பெரிய தவறு, வழியில் விளக்கு எரிந்ததும் ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும் என்று வீடு வரை ஓட்டிச் செல்வது. இந்த எஞ்சினில் இருப்பதே 2.5 லிட்டர் எண்ணெய்தான். உடனே நிறுத்தி, எண்ணெய் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதே முறை.

எண்ணெய் அளவு சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஒயர். எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு, எரியும் விளக்கைப் பார்த்தபடி ஸ்விட்சின் ஒயரை இன்னொருவரைக் கழற்றச் சொல்லுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ உறை கருகி, தகரத்தில் உரசி எர்த் ஆகிறது (கார் உலோகத்தோடு மின்தொடர்பு பெறுகிறது) என்று பொருள், புது ஸ்விட்ச் வாங்குவது வீண். சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லையென்றால், கழற்றிய ஒயரின் முனையை எஞ்சின் உலோகத்தில் தொட்டுப் பார்க்கலாம்: எரிந்தால் பழுது ஸ்விட்சில், எரியாவிட்டால் பல்பிலோ ஒயரிலோ. எரியாத விளக்கைக் குறையாகவே கருதாமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். ஸ்விட்சில் ஒயர் இணையும் முனையான டெர்மினலைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அதற்கு வேறு சோதனை தேவையில்லை.

ஒயரில் குறையில்லை, எஞ்சின் ஓடும்போதும் விளக்கு எரிகிறது என்றால், ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை (அழுத்தமானியை)ப் பொருத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அளப்பது இங்கே வழக்கமான பிழை. கெட்டியான எண்ணெய் தேய்ந்த பேரிங்கையும் மறைத்துவிடும். எஸ்ஏஇ 30 கெட்டித்தன்மை கொண்ட எண்ணெய் சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தது 2 பார், அதாவது ஏறத்தாழ 29 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. அடியில் உள்ள, மிகையான அழுத்தத்தைத் தணிக்கும் ரிலீஃப் வால்வின் பிஸ்டன் கீழே சிக்கிக்கொண்டாலும் அழுத்தம் குறையும். அதை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்ப்பது சிறிய வேலை.

அளந்த அழுத்தம் சரியாக இருந்து ஸ்விட்சை மாற்ற முடிவு செய்த பிறகுதான் கைத்தவறுகள் தொடங்குகின்றன. கிரேங்க் கேஸ் மெக்னீசியக் கலவையால் ஆனது, ஸ்விட்சின் மரையோ கூம்பு வடிவம். உள்ளே போகப் போக இறுகும் அந்த மரையை எஃகு போல்ட்டை இறுக்குவது போல இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். இறுகியதை உணர்ந்த இடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு. டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதும் வேண்டாத வேலை: அதன் துணுக்குகள் எண்ணெய் வழிக்குள் போகக்கூடும், ஸ்விட்ச் எர்த் பெறுவதும் இதே மரை வழியாகத்தான்.

விளக்கோடு கேஜும் வேண்டும் என்று இரண்டு டெர்மினல் கொண்ட சென்டரை (sender, அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்குத் தெரிவிக்கும் கருவி) வாங்குவோர் மரையைக் கவனிப்பதில்லை. பீட்டிலுக்கு வேண்டியது எம்10×1 என்ற மெட்ரிக் மரை. அமெரிக்கக் குழாய் மரையான 1/8 என்பிடி அதற்கு மிக நெருக்கமாக இருப்பதால் முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு துளையின் மரையை அழிக்கும். விடிஓ நிறுவனத்தின் சென்டரில் ‘ஜி’ என்று குறித்திருப்பது கேஜுக்கும் ‘டபிள்யூகே’ விளக்குக்கும் உரியவை. மாற்றிச் செருகினால் நல்ல எஞ்சினும் நோயுற்றதாகத் தெரியும். கனமான அந்தச் சென்டரைத் துளையிலேயே நேராகத் தொங்கவிடாமல், ஹோஸ் வைத்து காரின் உடலில் பொருத்துவது என் பரிந்துரை. அதன் எடை எஞ்சின் அதிர்வில் மரையை இடைவிடாமல் அசைக்கும். அப்படிப் பொருத்தும்போது சென்டரின் உடலுக்குத் தனி எர்த் ஒயர் கொடுக்க மறக்கக் கூடாது.