லைவ் ஸ்ட்ரீம் திக்கித் திணறுதா? நெட் செட்டிங்க்ஸ இப்படி மாத்திப் பாருங்க

மொத தடவ லைவ் போட்டப்ப நான் அடிச்ச கூத்து இது. ஸ்பீடு டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ்னு காட்டுச்சு, நம்ம நெட்டுக்கு என்ன கொறச்சல்னு ஓபிஎஸ்ல (லைவ் அனுப்பற சாஃப்ட்வேர்) பிட்ரேட்ட, அதாவது செகண்டுக்கு எவ்ளோ டேட்டா அனுப்பணும்ங்கறத, 6000 கேபிபிஎஸ்னு வச்சு ஆரம்பிச்சேன், ரெண்டே நிமிஷத்துல சாட் பூரா "படம் நின்னுடுச்சு"ன்னு பொலம்பல். அப்புறம்தான் பாக்கறேன், அந்த 100 டவுன்லோடு, அப்லோடு வெறும் 5. நாம வீடியோவ வெளிய அனுப்பறோம், அதனால அப்லோடுதான் கணக்கு.

ஸ்டெப் 1: லைவ் போகப்போற அதே கம்ப்யூட்டர்ல, அதே நேரத்துல மூணு நாலு வாட்டி டெஸ்ட் பண்ணுங்க. வந்ததுல எது கம்மியோ அத எழுதி வச்சுக்கோங்க. அதிகமா வந்தத பாத்து சந்தோஷப்பட்டுக்கலாம், அவ்ளோதான்.

ஸ்டெப் 2: லேன் கேபிள் சொருகுங்க. முடியவே முடியாதுன்னா ரூட்டர் இருக்கற ரூம்லயே உக்காந்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல கனெக்ட் பண்ணுங்க, 2.4ல பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ்னு எல்லாம் ஒண்ணா மோதிக்கும்.

ஸ்டெப் 3, இதுதான் முக்கியம். கம்மியா வந்த அப்லோடு 5 எம்பிபிஎஸ்னா அது 5000 கேபிபிஎஸ். அதுல 70 சதவீதம் 3500. இதுக்கு மேல போகாதீங்க, மிச்சத்த சும்மா விட்டு வைங்க, நெட் ஏறி எறங்கும்போது அதுதான் காப்பாத்தும். ஓபிஎஸ்ல செட்டிங்ஸ், அவுட்புட் போய் மேல மோட அட்வான்ஸ்டுன்னு மாத்திட்டு வீடியோ பிட்ரேட் 3000, ஆடியோ 160, ரேட் கண்ட்ரோல் சிபிஆர் (பிட்ரேட் ஒரே அளவுல போகும்), கீஃப்ரேம் இன்டர்வெல் (முழுப் படம் எத்தன செகண்டுக்கு ஒருக்கா போகணும்ங்கறது) 2 செகண்டு. இந்த 3000க்கு 720பி, 30 எஃப்பிஎஸ் நல்லாவே வரும், 1080பி ஆசப்பட்டா படம் கட்டம் கட்டமா ஒடையும். டேட்டா லிமிட் இருக்கறவங்களுக்கு: மணிக்கு கிட்டத்தட்ட 1.4 ஜிபி போயிடும்.

ஸ்டெப் 4: அதே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு டேப்ல கீழ போனா நெட்வொர்க்னு ஒரு பகுதி இருக்கும், அங்க நெரிசலுக்கு ஏத்த மாதிரி பிட்ரேட்ட தானா மாத்தற ஆப்ஷன டிக் பண்ணுங்க. நெட் சொதப்புனா ஸ்ட்ரீம் நிக்காம க்ளாரிட்டி மட்டும் கொறையும்.

ஸ்டெப் 5: கனெக்டே ஆகலையா? ஓபிஎஸ் வீடியோவ அனுப்பற முறைக்கு ஆர்டிஎம்பின்னு பேரு, அது வெளிய போறது டிசிபி 1935 போர்ட் (நெட்ல ஒரு வாசல் மாதிரி) வழியா, ஆபீஸ், காலேஜ் நெட்ல இத அடச்சு வச்சிருக்கலாம். யூடியூப் குடுக்கற ஆர்டிஎம்பிஎஸ் (அதே முறைதான், பூட்டுப் போட்டு பாதுகாப்பா போறது) அட்ரஸ ஓபிஎஸ்ல போட்டா 443ங்கற போர்ட்ல போகும், பிரவுசர் போற அதே வழிங்கறதால பெரும்பாலும் தடுக்க மாட்டாங்க. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலேர்ந்து உள்ள வர ரூட்டர்ல வழி தொறக்கறது) பண்ணச் சொல்லி யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, நாமதான அனுப்பறோம், அது தேவையே இல்ல.

ரூட்டர்ல க்யூஓஎஸ் (எந்த டிவைஸுக்கு நெட் மொதல்லன்னு சொல்ற வசதி) இருந்தா உங்க கம்ப்யூட்டருக்கு முன்னுரிம குடுங்க, இல்லன்னா விடுங்க.

கடைசியா, யூடியூப்ல அன்லிஸ்டட்ல (லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி) ஒரு பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. ஓபிஎஸ்ல ஸ்டாட்ஸ் தொறந்து வச்சு, நெட்வொர்க்ல ட்ராப் ஆன (அனுப்ப முடியாம விட்டுப்போன) ஃப்ரேம் எண்ணிக்கைய கவனிங்க. என்கோடிங் லேக்னு (வீடியோவ சுருக்கறதுல தாமதம்) காட்டுனா அது கம்ப்யூட்டர் கோளாறு, நெட்ட திட்டாதீங்க. எனக்கு ஒரு நாள் 0லயே நின்னுட்டிருந்தது திடீர்னு நூறு இருநூறுன்னு ஏறுச்சு, பாத்தா என் ஃபோனே பக்கத்துல கமுக்கமா போட்டோ பேக்கப் எடுத்துக்கிட்டு இருக்கு. அத நிறுத்தியும் ஏறுனா பிட்ரேட்ல 500 கொறச்சுட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க.