மரப்பலகையில் பெயரும் படமும் பதிக்க ஒரு வழி

வீட்டுப் பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும். வேண்டிய எழுத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பி, லேசர் பிரிண்ட் எடுங்கள். ஜெராக்ஸ் நகலும் சரிவரும். இங்க்ஜெட் வேண்டாம், ஈரம் பட்டதும் மை கலைந்துவிடும். லேசரில் இருப்பது பிளாஸ்டிக் கலந்த டோனர் தூள், அது தண்ணீரில் கரையாது.

பலகையை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். ஃபெவிகாலை மெல்லிசாக, ஒரே சீராகத் தடவி, அச்சுப்பக்கம் கீழே இருக்கும்படி தாளை ஒட்டுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினால் காற்றுக்குமிழ் வெளியேறிவிடும். குமிழ் நின்ற இடத்தில் எழுத்து பதியாது.

ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். இதில் அவசரமே கூடாது. பிறகு ஈரத்துணியால் தாளை நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உருண்டு வரும். நகம் படக்கூடாது. காய்ந்ததும் வெண்மை படர்ந்தால் இன்னொரு முறை லேசாக நனைத்துத் தேயுங்கள்.

மேலே ஆயில் வார்னிஷ் இரண்டு கோட். பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, படத்தின் வெள்ளைப் பகுதியில் மரத்தின் நிறமே தெரியும் என்பதால் வெளிர்நிற மரமே நல்லது. ரப்பர் மரத்தில் அருமையாக எடுப்பாகத் தெரியும்.