சலப்பைப் புற்றுநோய்: கலத்துக்குள் ஓடும் சமிக்ஞையைப் பிழையாக வாசிக்காதீர்கள்

நிலாவெளிப் பக்கம் ஒருவருக்குச் சலம் சிவப்பாகப் போனால் வீட்டில் வரும் முதல் பேச்சு, "சூடு பிடிச்சிட்டுது, செவ்விளநீர் குடி." இரண்டு நாளில் நிறம் தெளிந்துவிடும், விசயமும் மறந்துவிடும். மிகப் பெரிய தவறு இதுதான். சலப்பையில் வளரும் புற்றுக் கட்டிக்கு ஒட்சிசன் போதாமல் போகும்போது அதன் கலங்கள் விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குருதிக் குழாய்களைத் தம்பக்கம் இழுக்கின்றன. அந்தக் குழாய்களின் சுவர் உறுதியில்லாதது. கசியும், அடைபடும், பிறகு ஒருநாள் மறுபடி கசியும். இரத்தம் நின்றாலும் கட்டி அங்கேயேதான் இருக்கும். 45 வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் சிகரெட், பீடி பிடிப்பவருக்கு, கிருமித்தொற்று இல்லாமல் ஒருதரம் இரத்தம் போனாலே சலப்பைக்குள் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கான் மட்டும் போதாது. சுவரோடு தட்டையாகப் படரும் புற்று அதில் தப்பிவிடும்.

படிக்கும் பிள்ளைகள் இந்த நோயை ஒரே ஏணியாக மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் பாதை இரண்டு. மேற்பரப்பில் பூப்போல வளரும் மெதுவான கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எஃப்ஜிஎஃப்ஆர் 3 என்ற வாங்கி, அதாவது கலத்தின் மேற்பரப்பில் நின்று வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் புரதம், விகாரப்பட்டிருக்கும். அதிகம் காணப்படுவது அந்தப் புரதத்தின் 249ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலம் போய்ச் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் வருவது. அந்தச் சிஸ்ரீனில் உள்ள கந்தகம் பக்கத்து வாங்கியின் கந்தகத்தோடு பிணைந்துகொள்ள, வளர்ச்சிக் காரணி வராமலே இரண்டும் சோடி சேர்ந்துவிடும். அதன்பின் கலத்துக்குள் ராஸ், ராஃப், மெக், ஏர்க் என்ற புரதங்கள் வழியே "வளர்" என்ற கட்டளை ஓய்வில்லாமல் இறங்கும். இவை திரும்பத் திரும்ப முளைக்கும், ஆனால் தசைக்குள் இறங்குவது குறைவு. தசையைத் துளைக்கும் கட்டிகளில் பி53, ஆர்பி என்னும், கலம் பெருகுவதைத் தடுக்கும் இரண்டு புரதங்களும் பெரும்பாலும் பழுதடைந்திருக்கும். ஆகவே எஃப்ஜிஎஃப்ஆர் 3 விகாரம் என்று அறிக்கை வந்ததும் "முற்றிவிட்டது" என்று பயப்படுவது பிழை.

அந்த வாங்கியை அடைக்கும் எர்டாஃபிற்றினிப் என்ற மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பரவிய நோய்க்குத்தான். அதைக் குடிப்பவரின் இரத்தத்தில் பொஸ்பேற்று ஏறும். சிறுநீரகம் பொஸ்பேற்றை வெளியேற்றுவதும் இதே குடும்ப வாங்கிகளின் சமிக்ஞையால்தான். இரத்தத்தில் பொஸ்பேற்று அளவு பார்க்காமல் குளிசையைத் தொடர்வது ஆபத்து.

ஆய்வுகூடத்தில் இந்தச் சமிக்ஞையை அளக்க, புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டேர்ன் புளொட் சோதனையில் பொஸ்போ-ஏர்க் (பொஸ்பேற்று ஏறித் தூண்டப்பட்ட ஏர்க்) பார்க்கும்போது மொத்த ஏர்க்கையும் பக்கத்தில் ஓட்டாவிட்டால் அந்தக் கோடு எதையும் நிரூபிக்காது. கலங்களைப் பனிக்கட்டியில் வைத்தே உடையுங்கள், பொஸ்பேற்றைக் கழற்றிவிடும் பொஸ்பற்றேஸ் நொதியின் தடுப்பானை மறக்காதீர்கள். பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாமல் மென்சவ்வை மூடப் பால்மாவைப் பாவித்தால், அதில் உள்ள கேசீன் பொஸ்பேற்று ஏறிய புரதம் என்பதால் பின்னணி கறுக்கும். அதற்குப் பதிலாக 5 வீத அல்புமின் புரதக் கரைசல் நல்லது. கலத்தின் அடையாளத்தையும் சோதியுங்கள். குருதிக்குழாய்க் கலம் என்று பல ஆய்வுகளில் பாவிக்கப்பட்ட ஈசிவி304, கடைசியில் ரி24 என்ற சலப்பைப் புற்றுக் கலமாகவே இருந்தது.

வார்ட்டில் நடக்கும் தவறு வேறு. சலப்பையிலிருந்து சுரண்டி எடுத்த கட்டித் துண்டில் சலப்பைச் சுவரின் தசை இல்லையென்றால் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தசை உண்டா என்று அறிக்கையில் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் 2 முதல் 6 கிழமைக்குள் மறுபடி சுரண்ட வேண்டிவரலாம். எடுத்த துண்டைத் திருகோணமலை வெயிலில் வெறும் போத்தலில் வைத்திருந்தால் டிஎன்ஏ சிதைந்து, விகாரச் சோதனையே வீணாகும். இழையத்தைப் போல் 10 மடங்கு, 10 வீத நடுநிலை ஃபோமலினில் உடனே போட்டு, நேரத்தைப் போத்தலில் எழுதிவிட்டே கொழும்புக்கு அனுப்புங்கள்.