ஒரு அணுக்கரு நிலைக்குமா, சிதையுமா? மனப்பாடம் இல்லாமல் கண்டுபிடிப்பது எப்படி

கதிரியக்கம் என்றதும் எந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறுபடும் வகை) எப்படிச் சிதையும் என்று பட்டியல் போட்டு உருப்போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. கையில் தனிம அட்டவணை இருந்தால் பெரும்பாலான கருக்களுக்கு நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் நியூட்ரான்களை எண்ணுங்கள். நிறை எண்ணிலிருந்து (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த மொத்தம்) அணு எண்ணைக் (புரோட்டான்களின் எண்ணிக்கை) கழித்தால் வந்துவிடும். கார்பன்-14 என்றதும் 14 நியூட்ரான் என்று எழுதிவிடாதீர்கள், 14 என்பது மொத்தம், அதில் 6 புரோட்டான் போக மீதி 8.

அப்புறம் விகிதம். சின்னக் கருக்களில் புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் போதும். சம எண்ணிக்கையோடு நிலைத்து நிற்பதில் மிகப் பெரியது கால்சியம்-40, 20க்கு 20. அதைத் தாண்டினால் நியூட்ரான் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை கரு முழுக்க எட்டுகிறது, ஆனால் சேர்த்துப் பிடிக்கும் அணுக்கரு விசையோ பக்கத்தில் இருப்பவற்றோடு நின்றுவிடுகிறது. பிடிப்பில் பங்கெடுத்துக்கொண்டு தள்ளாமல் இருப்பது நியூட்ரான்தான். ஈயம்-208இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான்!

இப்போது சோடியத்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் அதன் அணு நிறை 22.99, அதாவது நிலையானது சோடியம்-23. சோடியம்-24இல் ஒரு நியூட்ரான் அதிகம். அது புரோட்டானாக மாறி, பீட்டா துகளை (ஒரு எலக்ட்ரான்) வெளியே விட்டு, மெக்னீசியம்-24 ஆகிறது. சோடியம்-22இல் ஒன்று குறைவு, அதனால் நேர் எதிர்: ஒரு புரோட்டான் நியூட்ரானாகி, பாசிட்ரான் (நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்) வெளியேறி, நியான்-22 கிடைக்கிறது. (சில சமயம் பாசிட்ரானுக்குப் பதில் உள்கூட்டு எலக்ட்ரானையே கரு விழுங்கிவிடும், விளைவு அதேதான்.) அணு நிறையைவிட நிறை எண் கூடினால் பீட்டா, குறைந்தால் பாசிட்ரான். எல்லா இடத்திலும் செல்லாது, ஆனால் லேசான தனிமங்களில் நன்றாகவே கைகொடுக்கும்.

இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதையும் பாருங்கள். புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை இரண்டுமே ஒற்றைப்படை என்றால் சந்தேகப்படுங்கள். பொட்டாசியம்-40இல் 19, 21. அது இரண்டு பக்கமும் சிதைகிறது, சுமார் 89 சதவீதம் கால்சியமாக, மீதி ஆர்கானாக. மாறாக 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களில் ஒன்று புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கையாக வந்தால் கருவுக்குத் தெம்பு கூடும். 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு 10 நிலையான ஐசோடோப்புகள் இருக்கின்றன.

அணு எண் 82ஐத் தாண்டிவிட்டால் நிலையானது எதுவும் கிடையாது. பிஸ்மத்-209ஐ வெகுகாலம் நிலையானது என்றே எழுதிவந்தார்கள், 2003இல் அதுவும் ஆல்ஃபா (2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த துகள்) விடுவதைப் பார்த்துவிட்டார்கள், அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 2க்குப் பின்னால் 19 சுழியம் போட்ட ஆண்டுகள்.

ஒன்றை மட்டும் விகிதத்தை வைத்துக் கணக்கிட முடியாது: எவ்வளவு நேரம் ஆகும் என்பது. சோடியம்-24க்கு அரை ஆயுள் 15 மணி நேரம், கார்பன்-14க்கு 5730 ஆண்டு, இரண்டும் பீட்டாதான். அதற்கு அரை ஆயுள் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு அரை ஆயுள் போனால் எல்லாம் தீர்ந்துவிடாது, கால் பங்கு இருக்கும்.

சரி, ஒரு நீளமான கணக்கு. யுரேனியம்-238 கடைசியில் ஈயம்-206 ஆகிறது, நடுவில் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா? நிறை எண்ணை மாற்றுவது ஆல்ஃபா மட்டும்தான், ஒவ்வொன்றும் 4 குறைக்கும். குறைந்தது 32, ஆக 8 ஆல்ஃபா. அவை 16 புரோட்டானைக் கொண்டுபோனால் 92 என்பது 76 ஆகிவிடும், ஆனால் ஈயத்துக்கு வேண்டியது 82. அந்த 6ஐயும் கொடுப்பது 6 பீட்டா.