மிளகு ஓடும், கிருமி ஓடாது

தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், விரல் நுனியில் சோப்பு. விரலை வைத்ததும் மிளகு நாலா பக்கமும் சிதறி ஓடும், பிள்ளை கை தட்டும். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளுக்குக் கிருமியைப் பற்றிச் சொல்ல எல்லாரும் முதலில் எடுக்கிற விளையாட்டு இதுதான். ஆனால் மிளகு ஓடுவது சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை மனசில் என்ன நிற்கும்? சோப்பைத் தொட்டாலே கிருமி பயந்து ஓடிவிடும் என்று. மறுநாள் ஒரே ஒரு விரலைச் சோப்பில் தொட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளையை ஏசி என்ன பிரயோஜனம், நாம் காட்டியது அதைத்தானே. வேடிக்கைக்குக் காட்டுங்கள், கை கழுவுகிற பாடமாக வேண்டாம்.

பாடத்துக்கு அடுக்களையில் இருக்கிற தேங்காய் எண்ணெயும் மஞ்சள் தூளும் போதும். ஒரு சொட்டு எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையின் இரண்டு கையிலும் பூசிவிட்டு, எவர்சில்வர் டம்ளர், கரண்டி எதையாவது கொடுத்துக் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். தொட்ட இடமெல்லாம் மஞ்சள் ஒட்டியிருப்பதை அதுவே கண்டுபிடித்துக் காட்டும். அப்புறம் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்: தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், மஞ்சள் அசையாது. அதற்குப் பிறகுதான் சோப்பு. இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். கட்டிச் சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இப்படித்தான். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் "ஆச்சி, ரத்தம்!" என்று ஒரே அலறல், விளையாட்டு அத்தோடு முடிந்தது. சொல்லி வைத்துவிட்டால் அந்தச் சிவப்பே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்; பெருவிரலைச் சுற்றி, விரலிடுக்கில், நகக்கண்ணில் சிவப்பு தங்கும், அங்கெல்லாம் இன்னும் தேய்க்க வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். 20 விநாடி தேய்க்கச் சொல்கிறார்களே, அது எதற்கு என்பதும் அப்போது புரியும். மஞ்சளும் கிருமி இல்லைதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு பிடித்துத் தூக்கித் தண்ணீரோடு அனுப்புவது இங்கே நிஜமாகவே நடக்கிறது, பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கிருமியும் அப்படித்தான் போகிறது. லேசான கறை மறுநாள் வரை கையில் இருக்கும், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வாளி. நம்ம பக்கம் பல வீட்டில் தண்ணீரைத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைத்துத்தான் புழங்குகிறோம், கை கழுவு என்றதும் பிள்ளை நேராகப் போய் வாளிக்குள் இரண்டு கையையும் முக்கும், பின்னாலேயே தம்பியும் முக்குவான். கையில் இருந்ததெல்லாம் வாளிக்குப் போய், வாளியில் இருந்து அடுத்தவர் கைக்கு வந்துவிடும். செம்பில் மோந்து ஒருவர் ஊற்ற, மற்றவர் தேய்க்கட்டும். ஊற்றுகிற வேலைக்குப் பிள்ளைகளுக்குள் சண்டையே வரும், அதுவும் நல்லதுதான்.

பயமுறுத்துவதை என்ன சொல்ல. "கை கழுவலைன்னா பூச்சி வயித்துக்குள்ள போய்க் கடிக்கும்" என்று சொன்னால் நாலு வயசுப் பிள்ளை அதை அப்படியே நம்பும், சோற்றைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பல்லும் கொம்பும் வைத்துக் கிருமியை வரைந்து காட்டுவதும் வேண்டாம். கிருமி எல்லாமே கெட்டது என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் இட்லி அவிக்கிறோமே, அந்த மாவைப் பொங்க வைத்தது யார்? ராத்திரி ஒரு டம்ளரில் பாதி மாவை ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு வையுங்கள். காலையில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத குட்டி குட்டி உயிர்கள் ராத்திரி முழுக்க வேலை செய்திருக்கின்றன என்று சொன்னால் பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும்.

இதைவிட மோசமான தப்பு ஒன்று உண்டு. "அந்தத் தெருப் பிள்ளைகளோட சேராத, கிருமி ஒட்டிக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்வது. சொல்கிறவருக்கு மனசில் வேறு கணக்கு, கிருமி சும்மா சாக்கு. பிள்ளை அதை அப்படியே அங்கன்வாடிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் உட்காருகிற பிள்ளையிடம் சொல்லும். தாத்தா சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி, பிள்ளை முன்னாலேயே மறுத்துப் பேசுங்கள். கிருமி தெரு பார்த்து வருவதில்லை, நம்ம வீட்டுப் பிள்ளை மூக்கைத் துடைத்த கையிலும் அது இருக்கிறது.

மண்ணில் விளையாடாதே என்பதும் தேவையில்லாத தடை. தேரிச் செம்மண்ணில் உருண்டு புரண்டு வரட்டும், வந்ததும் நகத்தோடு சேர்த்துக் கழுவினால் சரி. மண்ணில் குடற்புழு முட்டை இருக்கலாம், அங்கன்வாடியில் தருகிற அல்பெண்டசோல் மாத்திரையைத் தவற விடாதீர்கள். மண் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, பாட்டில் பிள்ளை கைக்கு எட்டவும் கூடாது.

கிருமியைக் காட்டுகிறேன் என்று ரொட்டித் துண்டைப் பையில் போட்டுப் பூஞ்சை வளர்க்கிறவர்கள், பார்த்து முடிந்ததும் பையைத் திறக்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள்.

கடைசியாகத் துடைக்கிற விஷயம். இவ்வளவும் செய்து கழுவிய கையைப் பிள்ளை நம்ம முந்தானையிலோ, காலையில் இருந்து எல்லாரும் துடைத்த துண்டிலோதான் துடைக்கும். ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும். பிள்ளைக்கென்று ஒரு சின்னத் துண்டு, அதற்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி. துண்டைத் தினமும் துவைத்துப் போட வேண்டும், அது யார் வேலை என்று வீட்டில் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.