கோபிக்குக் குடிவரும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

சென்னை நங்கநல்லூரில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. என் கணவருக்கு இது சொந்த ஊர். நான் கும்பகோணத்துக்காரி. அதனால் இந்த ஊரை மருமகளாகவும் பார்த்திருக்கிறேன், வெளியாளாகவும் பார்த்திருக்கிறேன். 'நாங்களும் வந்துடலாமா?' என்று மாதத்துக்கு ஒருவராவது போனில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று மட்டும் எழுதாதீர்கள். நாங்கள் அப்படித்தான் எழுதினோம். சாதகம் பதினேழு, பாதகம் ஆறு. அப்புறம் என்ன, லாரி பேசிவிட்டோம். வந்து மூன்றாவது மாதம் அதே நோட்டை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'யாருக்கு?', 'எந்த மாதம்?' என்று இரண்டு கேள்வி எழுதிப் பார்த்தேன். பதினேழு சாதகத்தில் பதினொன்று அவர் பெயரில் இருந்தது. ஆறு பாதகத்தில் ஐந்து என் பெயரில். வரப்பில் காலை நடை, அவருக்கு. அம்மா பக்கத்தில், அவருக்கு. மாமன் மச்சான் கூப்பிடும் தூரத்தில், அவருக்கு. ஒரம்பரை வந்தால் சமையல், எனக்கு. (விருந்தாளிகளை இங்கே ஒரம்பரை என்பார்கள். சொல்லாமல் வருவதுதான் ஒரம்பரைக்கு அழகு.)

ஆக, எழுதும்போதே அந்த இரண்டு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தன் கையால் எழுத வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் 'ஃப்ரெண்ட்ஸ் இல்ல, எனக்கு, எல்லா மாசமும்' என்று எழுதினால் அதை அடிக்காதீர்கள். யாராவது ஒருவர் பெயரிலேயே பாதகம் குவிந்தால், எதை யார் கையேற்பது என்று கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். நாங்கள் வந்த பிறகு பேசினோம். அத்தையின் ஆஸ்பத்திரி நடையும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் இப்போது அவர் பொறுப்பு. சமையலென்றால் அவருக்கு 'அரிசியும் பருப்பும் சோறு' என்கிற இந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றுதான் வரும். பரவாயில்லை.

'எந்த மாதம்' என்பது தண்ணீரில்தான் நன்றாக விளங்கும். கோபியை யாரும் பச்சையாக இருக்கும்போதுதான் பார்ப்பார்கள். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால், நெல் வயல், தென்னை. அதைப் பார்த்ததும் புத்தி வேலை செய்யாது. நாங்கள் வீடு பார்த்தது ஒரு அக்டோபரில், கீழ்பவானி வாய்க்கால் பக்கம். கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் போல இருந்தது. வீட்டு உரிமையாளர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: அந்தக் கிணற்றுக்கு ஊற்று, வாய்க்காலின் கசிவு நீர். பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் ஒரு போகத்துக்கும், ஜனவரி வாக்கில் இன்னொரு போகத்துக்கும் தண்ணீர் திறப்பார்கள். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் இதில். நடுக்கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஜூன் மாதம் ஒரு காலை, மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தொட்டியில் சொட்டு விழவில்லை. 'வாய்க்கால்ல தண்ணி நின்னா கெணறும் நின்னுக்குமுங்க' என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர், இது தெரியாமலா வந்தாய் என்கிற பார்வையோடு.

எனவே வீட்டை ஜூனில் பாருங்கள். முடிந்தால் மே, ஜூன் இரண்டு மாதமும் வாடகைக்கு இருந்து பாருங்கள். 'நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?' என்று வீட்டு உரிமையாளரைக் கேட்காமல், அடுத்த வீட்டு அக்காவைக் கேளுங்கள். இங்கே நல்ல தண்ணி என்றால் ஆற்றுத் தண்ணீர், குடிக்கச் சமைக்க. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணி, மற்றதற்கு. குளியலறை வாளியையும் குழாய் வாயையும் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் கீசரும் வாஷிங்மெஷினும் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. காய்ச்சல், பிரசவம், கட்டுப்போடுவது எல்லாம் ஊரிலேயே ஆகும். பெரிய சிக்கலென்றால் ஈரோடு, பெருந்துறை, கோவை என்று ஓட வேண்டும். வயதானவர்கள் கூட இருந்தால் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு வண்டியெடுத்து, நீங்கள் நம்பும் ஆஸ்பத்திரி வாசல் வரை கடிகாரம் பார்த்துப் போய் வாருங்கள். அந்த நிமிடக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். பகல் கணக்கு வேறு, இரவுக் கணக்கு வேறு.

வேலைக்கு வருகிறேன். சென்னையிலிருந்த சிறு கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாதக் கணக்கைத் தாக்கல் செய்யும் 3பி படிவத்துக்கு மாதாமாதம் 20ஆம் தேதி கடைசி. முதல் வருடம் ஒரு 20ஆம் தேதி, காலை ஒன்பதுக்கு மின்சாரம் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். அறிவிப்பு பேப்பரில் வந்திருக்கிறது, பேப்பர் வாங்காதது என் தப்பு. டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஜெனரேட்டர் தயவில் நான்கு படிவம் அனுப்பினேன். இப்போது ஃபைபர் ஒரு நிறுவனம், போன் சிம் வேறொரு நிறுவனம், கூடவே இன்வெர்ட்டர். ஊரிலேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பி வராதீர்கள். கணக்கு எழுத இங்கே தருகிற சம்பளத்தைக் கேட்டுவிட்டு நான் சிரித்தேன். எதிரில் இருந்தவர் சிரிக்கவில்லை.

பணக் கணக்கில் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எங்களுக்கு 21,000 வாடகை 9,000 ஆனது. மாதம் 12,000 மிச்சம் என்று குதித்தோம். ஆனால் கோபிக்கு ரயில் இல்லை. சென்னை போக ஈரோடு போய்த்தான் ஏற வேண்டும். கார் இல்லாமல் முடியாது என்று ஆகி, பெட்ரோல் 4,500. சென்னை போய்வர சராசரி 1,500. அப்புறம் மொய். நங்கநல்லூரில் வருடத்துக்கு நான்கு பத்திரிகை வரும், இங்கே ஒரே முகூர்த்தத்தில் நான்கு. சீர், மொய் எல்லாம் சேர்த்துச் சராசரி 3,500. ஆடியில் ஒன்றுமிருக்காது, ஆவணியில் ஒரு வருடம் 11,000 போனது. மிஞ்சுவது 2,500தான். தேங்காயும் கீரையும் மட்டும் நான் காசு கொடுத்து வாங்கியதேயில்லை.

மனிதர்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு அத்தையின் சர்க்கரை மாத்திரை தீரும் நாள் என்னைவிட நன்றாகத் தெரியும், போன் பண்ணிச் சொல்வார். சுகமான விஷயம். அத்தைக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெருவுக்கே தெரியும் என்பதும் அதே விஷயத்தின் மறுபக்கம். வாடகை வீடு தேடும்போது 'எந்தப் பக்கமுங்க? எந்தக் கூட்டமுங்க?' என்பார்கள். கூட்டம் என்றால் குலம். மரியாதைக்கு 'ங்க' போட்டாலும் கேட்பது சாதியைத்தான். (சென்னையில் சைவமா அசைவமா என்றார்கள். அதுவும் பல நேரம் இதே கேள்விதான்.) எங்களுக்கு அவர் குடும்பப் பெயரே கதவைத் திறந்துவிட்டது. என் தோழி ஒருத்தி மூன்று வீடு பார்த்தாள், மூன்றிலும் முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் 'எங்க பையனே குடிவர்றானுங்க' என்றாகிவிட்டது. கடைசியில் கூட வேலைபார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் வீடு கிடைத்தது. இந்தக் கேள்வி உங்களை எங்கே நிறுத்தும் என்று தெரிந்துகொண்டு, தெரிந்த ஒருவர் மூலமாகவே தேடுங்கள். நோட்டில் 'எல்லா மாதமும்' என்று போட வேண்டிய வரி இது.

பள்ளிக்கூடம் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம், வேனும் உண்டு. மனை, தோட்டம் முதல் வருடம் வாங்கவே வாங்காதீர்கள். தரகர் மூன்றாம் நாளே வருவார், டீ கொடுத்து அனுப்புங்கள். பின்னால் வாங்குவதானாலும் வில்லங்கச் சான்று, பட்டா, மனையென்றால் நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதி பார்க்காமல் முன்பணம் நீட்டாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் திரும்பிப் போகும் செலவை எழுதுங்கள். அங்கே வீட்டு முன்பணம், லாரி வாடகை, பையனுக்குப் பள்ளிக் கட்டணம். அந்தத் தொகையைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் லாரி வாடகையை மட்டும் அடித்து, புதுத் தொகையை எழுதி வைக்கிறேன்.